சியேனாவுக்கு ஆறு இல்லை: இத்தாலிய இடைக்கால ஊர்கள், கேள்வி பதில்

இன்று சாயங்காலம் உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது 1100 முதல் 1400 வரை, அதிலும் சியேனா, புளோரன்ஸ், பீசா எல்லாம் இருக்கும் டஸ்கனிப் பக்கம். மூன்று வருடம் சியேனாவில் இருந்தவள் என்பதால் அந்த ஊர் மேல் ஒரு சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஜூலியஸ் சீசர், முசோலினி பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு கடை.

அக்கா, அந்தக் காலத்தில் இத்தாலியை ஆண்ட ராஜா யார்?

அப்படி ஒருவர் இல்லை. 'இத்தாலி மன்னர்' என்ற பட்டம் ஜெர்மானியப் பேரரசரிடம் இருந்தது. ஆனால் பட்டம் வேறு, வரி வசூல் வேறு. வடக்கே ஊருக்கு ஊர் தனி ஆட்சி, நடுவில் போப், தெற்கே 1130ல் முடிசூடிய நார்மன் அரசன் இரண்டாம் ரோஜரின் சிசிலி ராஜ்ஜியம். இத்தாலி ஒரே நாடானது 1861ல்.

பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1162ல் மிலானைத் தரைமட்டமாக்கினார். இடித்த கைகள் யாருடையவை? லோதி, கோமோ, கிரெமோனா, பாவியா என்று பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பகுதி பிரித்துக்கொண்டு இடித்தார்கள். ஐந்தே வருடத்தில் பேரரசரின் கெடுபிடி தாங்காமல் அதே கிரெமோனா, வடக்கத்தி ஊர்கள் பேரரசருக்கு எதிராகச் சேர்ந்த லொம்பார்டிக் கூட்டணியில் சேர்ந்து, மிலான் மக்களை அவர்கள் ஊருக்கே கூட்டிவந்து குடியேற்றியது. 1176ல் லெஞ்ஞானோவில் அந்தக் கூட்டணி பேரரசரைத் தோற்கடித்தது.

முதல் எச்சரிக்கை இங்கேயே: 'இத்தாலிக்காரர்கள் சண்டை போட்டார்கள்' என்று எழுத வந்தால், அடித்துவிட்டு ஊர் பெயரை எழுதுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மார்கோ போலோ சீனாவிலிருந்து நூடுல்ஸ் கொண்டுவந்ததால்தான் பாஸ்தா வந்ததா?

இல்லை. அவர் வெனிஸ் திரும்பியது 1295ல். 1279ல் ஜெனோவாவில் ஒருவர் விட்டுப்போன சொத்துக்களை நோட்டரி எழுதிவைத்த பட்டியலில் ஒரு கூடை நிறைய மக்ரோனி இருக்கிறது. அதற்கும் முன்னால், 1154ல் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி சிசிலியின் திராபியாவில் இத்ரியா என்ற உலர்ந்த மாவு இழைகள் செய்து கப்பலில் ஏற்றுமதி செய்வதை எழுதிவைத்திருக்கிறார்.

மார்கோ போலோவிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி வேறு இருக்கிறது. பாண்டிய நாட்டை மாபார் என்ற பெயரில் விவரித்து, காயல் துறைமுகம், முத்துக்குளிப்பு, குதிரைகளை ஏராளமாக இறக்குமதி செய்து வளர்க்கத் தெரியாமல் சாகடிப்பது என்றெல்லாம் அவர் சொன்னதை எழுதியது யார்? ருஸ்திக்கெல்லோ என்ற பீசாக்காரர். எழுதிய இடம் ஜெனோவாவின் சிறை, வருடம் 1298. வெனிஸ்காரர் சொல்ல, பீசாக்காரர் எழுத, இருவரையும் அடைத்து வைத்திருந்தது ஜெனோவா. மூன்று ஊர்ப் பகை ஒரே அறையில்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். குவெல்ஃப், கிபெல்லின் வித்தியாசத்தை எளிமையாகச் சொல்ல முடியுமா சார்?

சார் இல்லை தம்பி, அக்கா. தேர்வுக்கு: குவெல்ஃப் போப் பக்கம், கிபெல்லின் பேரரசர் பக்கம். இரண்டும் ஜெர்மானியக் குடும்பப் பெயர், கோட்டைப் பெயரிலிருந்து திரிந்து வந்தவை.

தேர்வுக்கு வெளியே: பக்கத்து ஊர் என்ன கட்சி என்று பார், இந்த ஊர் அதற்கு எதிர்க்கட்சி. புளோரன்ஸ் குவெல்ஃப் என்றால் சியேனா கிபெல்லின். எல்லைத் தகராறும் கடன் பாக்கியும்தான் உள்ளே இருக்கும் சரக்கு. புளோரன்ஸில் கிபெல்லின்களை விரட்டி முடித்ததும் குவெல்ஃபுகள் கறுப்பு, வெள்ளை என்று தங்களுக்குள் பிரிந்துகொண்டார்கள். வெள்ளைக் கட்சியில் இருந்த கவிஞர் தாந்தே 1302ல் நாடுகடத்தப்பட்டார், கடைசி வரை ஊர் திரும்பவில்லை.

சான் ஜிமிஞ்ஞானோவில் அத்தனை கோபுரம் எதற்கு? மக்கள் குடியிருந்தார்களா?

ஒரு காலத்தில் 72 இருந்ததாகச் சொல்வார்கள்; இன்று நிற்பவை 14. பணக்காரக் குடும்பங்களின் பகட்டும் பாதுகாப்பும்தான் காரணம். குடியிருக்க வசதிப்படாது. சுவர் அவ்வளவு தடிமன், உள்ளே இடம் குறைவு. கலவரம் வந்தால் ஏறிக்கொள்வார்கள், மேலேயிருந்து கல் விழும். புளோரன்ஸில் 1250ல் ஆட்சியைப் பிடித்த மக்கள் அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று, எல்லாக் கோபுரங்களையும் 50 முழத்துக்கு, அதாவது சுமார் 29 மீட்டருக்கு வெட்டியது. யார் பெரியவர் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் உண்டா?

பொலோனியாவில் அசினெல்லி 97 மீட்டருக்கு இன்னும் நிற்கிறது. பக்கத்தில் கரிசெந்தா, 14ஆம் நூற்றாண்டிலேயே சாய்வுக்குப் பயந்து உச்சியை வெட்டி 48 மீட்டர் ஆக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது மீண்டும் அசைவதாகத் தெரிந்து சுற்றிலும் அடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது எச்சரிக்கை: கைடு சொல்வதை நம்பாதீர்கள். சாயம் போட்ட துணி காயப்போடத்தான் இத்தனை கோபுரம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கொடிக் கயிற்றுக்காக ஆயிரக்கணக்கான வண்டி கல் ஏற்றுவார்களா?

பொதெஸ்தா என்றால் மேயரா?

இல்லை, இதைக் கேட்டதற்கு நன்றி. வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு வரவழைத்த ஆட்சியாளர் அவர். ஊருக்குள் எல்லாரும் யாருக்காவது மாமன் மச்சான். எவர் தீர்ப்புச் சொன்னாலும் மறுநாள் கத்திக்குத்து. அதனால் சம்பந்தமே இல்லாத ஓர் ஆளை வேறு ஊரிலிருந்து, ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கொண்டுவந்தார்கள். தன் நீதிபதிகள், நோட்டரிகள், குதிரைவீரர்கள் எல்லாரையும் அவரே கூட்டிவர வேண்டும். உள்ளூர்க்காரர் வீட்டில் சாப்பிடக்கூடாது, பரிசு வாங்கக்கூடாது. பதவி முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவிட முடியாது. சில நாள் ஊரிலேயே இருந்து கணக்குக் காட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் அபராதம்.

நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு அடுத்த ஊரில் வேலை காத்திருக்கும். இதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகச் செய்த குடும்பங்கள் உண்டு. வெளியாள் சுத்தமானவன் என்று இவர்கள் நம்பவில்லை. வெளியாளைத் தணிக்கை செய்யலாம், சொந்தக்காரனைச் செய்ய முடியாது என்ற கணக்கு அது.

மோந்தாபெர்தியில் புளோரன்ஸையே தோற்கடித்த சியேனா பிறகு ஏன் பின்தங்கிப் போனது?

இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். 1260 செப்டம்பர் 4. சிசிலி மன்னர் மான்ஃபிரெட் அனுப்பிய ஜெர்மானியக் குதிரைப்படையும் புளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்ட கிபெல்லின்களும் சியேனாவோடு நிற்க, புளோரன்ஸ் படை நொறுங்கியது. அர்பியா ஓடை சிவந்ததாக தாந்தே பாடியது இதைத்தான். ஆனால் 1266ல் மான்ஃபிரெட் போரில் செத்தார், 1269ல் கோல்லேயில் சியேனா தோற்றது, கொஞ்ச காலத்தில் அதுவே குவெல்ஃப் ஊராகிவிட்டது. வெற்றியின் ஆயுள் பத்து வருடம்கூட இல்லை.

போரை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். சியேனா மூன்று குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆறு கிடையாது. குடிக்கும் தண்ணீருக்கே பாறையைக் குடைந்து, பொத்தினி என்ற சுரங்கக் கால்வாய்கள் சுமார் 25 கிலோமீட்டர் வெட்டினார்கள். அது கசிந்து வரும் நீர். குடிக்கலாம், குதிரைக்குக் காட்டலாம், ஆலை ஓட்ட முடியாது. கம்பளித் துணியை மிதித்து இறுக்கும் ஆலைக்கு ஓடும் ஆறு வேண்டும். அதற்கு சியேனாக்காரர் துணியைக் கட்டிக்கொண்டு மெர்ஸே ஆறு வரை போக வேண்டும். புளோரன்ஸுக்கு ஆர்னோ வாசலில் ஓடியது. 1338 வாக்கில் புளோரன்ஸில் 200க்கு மேற்பட்ட கம்பளிப் பட்டறைகள், அவற்றை நம்பி 30,000 பேர் என்று அந்த ஊர் வரலாற்றாசிரியர் வில்லானி எழுதுகிறார்.

சியேனாவிடம் இருந்தது சாலை. ரோமுக்குப் போகும் யாத்ரீகர் பாதை ஊருக்குள்ளேயே வந்தது. அதனால் வட்டிக்கடை வளர்ந்தது, போப்புக்கே கணக்குப் பார்த்தார்கள். அதில் மிகப்பெரிய போன்சிஞ்ஞோரி கம்பெனி 1298ல் ஆட்டம் கண்டு, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் மூழ்கியது. துணி இருந்தால் வங்கி போனாலும் ஊர் நிற்கும். இங்கே துணி பெரிதாக இல்லை.

தாந்தே இதைக் கிண்டலும் செய்திருக்கிறார். ஊருக்கடியில் தியானா என்று ஓர் ஆறு ஓடுவதாக நம்பி சியேனாக்காரர் தோண்டிக்கொண்டே இருந்தார்களாம். 1303ல் வாங்கிய தலமோனே துறைமுகம் அதைவிட வெட்டிச் செலவு என்கிறார்.

அதெப்படி மேடம்? சியேனாவைச் சாய்த்தது 1348 பிளேக். அதற்கு ஒன்பது வருடம் முன்னால்தானே கதீட்ரலைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள்? நொடித்த ஊர் அப்படியா கட்டும்?

நல்ல அடி. 1339ல் தொடங்கினார்கள்தான், ஏற்கெனவே இருக்கும் கதீட்ரலைக் குறுக்குப் பகுதியாக வைத்துப் புதிதாக நீளம் கட்டும் திட்டம். ஆனால் பிளேக் புளோரன்ஸையும் தின்றது. வில்லானியே அதில்தான் செத்தார். புளோரன்ஸ் 1296ல் தொடங்கிய கதீட்ரலுக்கு 1436ல் கூரைமாடம் முடித்தது. சியேனா முடிக்கவில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே நோய், ஒன்று எழுந்தது. ஏன் என்பதுதான் என் கேள்வி.

எழ முடியாத அளவுக்கு அடி பெரிது, அதனால்தான். ஐந்து பிள்ளைகளைத் தன் கையால் புதைத்தேன் என்று சியேனாக்காரர் அஞ்ஞோலோ தி தூரா எழுதியதைப் படித்தவர் இப்படிப் பேசலாமா?

படித்திருக்கிறேன், அந்த வரியைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை. ஆனால் துயரத்தின் அளவு வேறு, மீண்டு எழும் திராணி வேறு. அந்தக் கட்டடத்திலேயே கோளாறும் இருந்தது. 1350களில் பரிசோதித்தவர்கள் பளு தாங்காது என்று சொல்லி, ஆபத்தான பகுதிகளை இடிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிளேக் பொறுப்பா?

(இன்னொருவர்) இருவருமே கூலிப்படைகளை மறந்துவிட்டீர்கள். பிளேக்குக்குப் பிறகு அவர்கள் வந்து வந்து பணம் பறித்ததுதான் சியேனாவின் கஜானாவைக் காலி செய்தது.

மறக்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் அழுத்தத்தை நான் கொடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஜான் ஹாக்வுட் போன்ற கூலிப்படைத் தலைவர்கள் வாசலில் வந்து நின்று 'கொடு, இல்லையேல் கொளுத்துவோம்' என்பார்கள். சியேனா திரும்பத் திரும்பக் கொடுத்தது. 1355ல் பேரரசர் நான்காம் சார்லஸ் வந்த சமயத்தில் ஒன்பதின்மர் ஆட்சி, அதாவது ஒன்பது பேர் குழு சியேனாவை ஆண்ட ஆட்சி, கவிழ்ந்தது. 1287 முதல் நடந்த நிலையான ஆட்சி அது. சரி, இப்படி வைத்துக்கொள்வோம்: ஆறு இல்லாததால் ஊரின் கை மெலிந்தது, பிளேக் விழுத்தாட்டியது, கூலிப்படை எழவிடவில்லை. முதல் காரணம் எது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிளேக் நண்பரின் மூன்றாவது மறுப்பும் வந்திருக்கிறது, அதில் புதிதாக ஒன்றுமில்லை. நகர்வோம்.

பாஸ்தாவைக் கொண்டுவந்தது மார்கோ போலோவா?

மேலே.

பீசா கோபுரம் ஏன் விழவில்லை? சிவில் இன்ஜினியர் கேட்கிறேன்.

வேலை நின்று போனதால். 1173ல் தொடங்கி, சில வருடத்தில் மூன்றாவது அடுக்கில் நின்றது, 1272ல்தான் மீண்டும் தொடக்கம். அந்த இடைவெளியில் அடியில் இருந்த மென்மையான களிமண் அழுந்தி இறுகிக்கொண்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே சாய்ந்து விழுந்திருக்கும் என்று உங்கள் துறைக்காரர்களே சொல்கிறார்கள். அடுத்த நிறுத்தம் 1284. அந்த ஆகஸ்டில்தான் மெலோரியாக் கடற்போரில் ஜெனோவா பீசாவின் கப்பற்படையை அழித்து ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்தது. 'பீசாவைப் பார்க்க வேண்டுமா, ஜெனோவாவுக்குப் போ' என்று அன்றைக்கு ஒரு சொலவடையே உண்டு. நம் ருஸ்திக்கெல்லோவும் அந்தக் கூட்டத்தில் பிடிபட்டவராக இருக்கலாம். மணிகள் தொங்கும் உச்சி அடுக்கு வந்தது 14ஆம் நூற்றாண்டில்.

ஒரு மர வாளிக்காக மொதேனாவும் பொலோனியாவும் போரிட்டது உண்மையா?

போர் உண்மை, 1325 நவம்பர், சப்போலினோ. வாளி காரணம் என்பது பின்னாளில் வந்த கேலிக் காவியத்தால் பரவியது. எல்லைக் கோட்டைகளுக்காக அடித்துக்கொண்டார்கள். இரண்டாவது எச்சரிக்கையை மறுபடி படிக்கவும்.

சியேனாவின் பாலியோ குதிரைப் பந்தயம் 800 வருடமாக மாறாமல் நடக்கிறதாமே?

இது எந்த கைடு? ஊரில் பந்தயம் பழசுதான். ஆனால் இன்று பார்க்கும் ஜூலை, ஆகஸ்ட் பந்தயங்கள் 17ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் உருவானவை. பந்தயத்தில் மோதும் ஊர்ப் பேட்டைகள் 17 என்று எல்லை வகுத்தது 1729ல்.

இத்தாலிய மக்கள் பாஸ்தாவில் தக்காளி சாஸ் அப்போது...

தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது, 1492க்குப் பிறகு. 'இத்தாலிய மக்கள்' பற்றி முதல் எச்சரிக்கையைப் பார்க்கவும். இன்று இனி பாஸ்தா இல்லை.

ரோம், வெனிஸ், சியேனா எட்டு நாள் டூர் போட்டுத் தர முடியுமா அக்கா? விசாவுக்கு என்ன செய்ய?

டிராவல்ஸில் கேளுங்கம்மா.

அந்த ஊர் ஆவணங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

பிக்கெர்னா பலகைகள். சியேனாவின் கஜானா அலுவலகத்துக்குப் பிக்கெர்னா என்று பெயர். கணக்குப் புத்தகத்துக்கு மர அட்டை போட்டு, அதில் ஓவியம் வரைந்தார்கள். நமக்குக் கிடைத்தவற்றில் பழையது 1258ல் வரைந்தது: சான் கல்கானோ மடத்துத் துறவி ஊகோ மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தவணைக்கு ஊர்ப் பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. பிள்ளை குட்டி இல்லாதவர் கையில் பெட்டிச் சாவி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்போல. சியேனா ஆவணக் காப்பகம் பிக்கோலோமினி மாளிகையில் இருக்கிறது, பலகைகளை அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கைடு கூப்பிட்டுப் போக வேண்டாம்.