கோப்லினைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: கேள்வி பதில்

(கோப்லின் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டில் வரும் குட்டி அசுரன். கணக்கெல்லாம் அதன் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளின்படி.)

அண்ணா, நான் புது டிஎம் (ஆட்டத்தை நடத்துபவன்). முதல் லெவல் ஆட்டக்காரர்கள் நாலு பேருக்கு எதிராக நாலு கோப்லினை இறக்கினேன். இரண்டே சுற்றில் காலி. இவ்வளவு சப்பையா?

வெட்டவெளியில் நிறுத்தினீர்களா தம்பி? ஏழு ஹெச்பி (உயிர்ப்புள்ளி)தான், அங்கே தாங்காது. அதன் உயிரே நிம்பிள் எஸ்கேப் என்ற நழுவும் திறனில் இருக்கிறது. அம்பை விட்டதும், அதே முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளிந்துகொள்ளலாம், ஒளியும் உருட்டலுக்கு (ஸ்டெல்த்) +6. அடுத்த சுற்றில் மறைவிலிருந்து எய்தால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது). ஓர் அம்புக்குச் சேதம் 1டி6+2 (ஓர் ஆறுமுகப் பகடையோடு 2), சராசரி ஐந்தரை. எட்டு ஹெச்பி விசார்ட் (மந்திரவாதி) இரண்டு அம்பில் சாய்ந்துவிடுவார். புதர், பாறை, கவிழ்ந்த வண்டி என்று நாலு மறைவிடம் வைத்துப் பாருங்கள். விதிப்புத்தகக் கணக்கிலேயே நாலு கோப்லின் உங்கள் குழுவுக்கு ‘டெட்லி’, அதாவது உயிராபத்தான சண்டை. சரியாக ஆடினால் ஒருவராவது செத்துப்போகலாம். அதனால் அடுத்த முறை மூன்றோடு ஆரம்பியுங்கள்.

குகைக்குள் எப்படி ஆடுவது?

கோப்லினுக்கு 60 அடி வரை இருட்டிலும் கண் தெரியும், பந்தம் வேண்டாம். உங்கள் ஆட்களில் மனிதர்களைப் போல இருட்டில் கண் தெரியாதவர்களுக்கு வேண்டும். பந்த வெளிச்சம் மங்கலையும் சேர்த்து 40 அடிதான். வில்லோ 80 அடி வரை தடுமாறாமல் பாயும். பந்தம் பிடித்தவரை அவை எங்கிருந்தும் பார்க்கும், அவருக்கு அவை தெரியாது. குழு பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

நான் டிஎம் இல்லை, விசார்ட் ஆடுகிறேன். எந்த மந்திரம் எடுக்கலாம்?

ஸ்லீப், தூக்க மந்திரம். 5டி8 (ஐந்து எட்டுமுகப் பகடை) உருட்டினால் சராசரி இருபத்திரண்டரை ஹெச்பி அளவுக்கு எதிரிகள், அதாவது மூன்று கோப்லின் தூங்கிவிடும்.

ஹாப்கோப்லின், பக்பேர் எல்லாம் பெரிய கோப்லின்தானா?

உறவு, ஆனால் குணம் வேறு. ஹாப்கோப்லின் படைவீரன். அது அடிக்கும் ஆளுக்கு ஐந்தடிக்குள் அதன் கூட்டாளி யாராவது நின்றால், முறைக்கு ஒரு தடவை 2டி6 கூடுதல் சேதம். அந்தக் கூட்டாளி ஒரு கோப்லினாகவும் இருக்கலாம், கலந்து இறக்குங்கள். பக்பேர் பதுங்கிப் பாயும் முரடன், முதல் அடிதான் ஆபத்து.

கடைசிக் கோப்லின் வரை சண்டை போடணுமா?

வேண்டவே வேண்டாம். பாதி விழுந்ததுமே மீதி ஓடட்டும். ஒன்று சரணடையட்டும். அதற்கு ஒரு பெயர் வையுங்கள், தலைவனைப் பற்றிய பயத்தைக் கொடுங்கள். கட்டிப்போட்ட கைதியை என்ன செய்வது என்று உங்கள் ஆட்டக்காரர்கள் வாதாடும் அரைமணி நேரத்தை, எந்தச் சண்டையைவிடவும் நான் விரும்புவேன்.