வளையட்டும், ஆனால் சேர்ந்து வளையட்டும்

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். வானியல் கருவி ஒன்றைச் செயல்திட்டமாக எடுக்க விரும்புகிறேன். தொலைநோக்கி ஒளியியலாளரின் வேலை, நமக்கு அதில் குழாயும் தாங்கியும் மட்டுமே மிஞ்சும் என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா?

பதில்: சரியன்று. நல்ல பிம்பம் கிடைக்க வேண்டுமானால், ஆடியின் பரப்பு உரிய வடிவத்திலிருந்து அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல், அதாவது பச்சை ஒளிக்குச் சுமார் 70 நானோமீட்டருக்கு மேல், விலகக் கூடாது என்பது வழக்கமான அளவுகோல். மெருகிடுபவர் பல வாரம் உழைத்து எட்டிய அந்தத் துல்லியத்தை, தாங்கியின் ஒரு திருகை அளவுக்கு மீறி இறுக்கியே கெடுத்துவிடலாம்.

உங்கள் துறையின் சிந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, அமெரிக்காவின் பாலோமர் மலையில் 1948-இல் திறக்கப்பட்ட 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கியே எனக்குப் பிடித்த சான்று. அவ்வளவு பெரிய குழாயைச் சிறிதும் வளையாமல் செய்வது இயலாது என்பதை ஏற்றுக்கொண்ட மார்க் செரூரியர் என்ற பொறியாளர், நடுச்சட்டத்திலிருந்து இருபுறமும் முக்கோணக் கம்பிச் சட்டகங்களை நீட்டி, ஆடி உள்ள கீழ்முனையும் குவியம் உள்ள மேல்முனையும் சாயாமல், ஒரே அளவு தாழும்படி அமைத்தார். இரண்டும் சேர்ந்தே இறங்குவதால், குழாய் எத்திசையில் சாய்ந்தாலும் அவை ஒளியச்சை விட்டு விலகுவதில்லை. வளைவைத் தடுக்காமல், அதனால் தீங்கு நேராதபடி செய்த இந்த எண்ணம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதையே சிறிய அளவில் செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளச் சட்டகம் அமைத்து, ஆடியின் இடத்தில் லேசரையும் மறுமுனையில் கேமரா உணரியையும் பொருத்தி, கிடைநிலையிலிருந்து செங்குத்து வரை படிப்படியாகத் திருப்பி, ஒளிப்புள்ளி நகரும் தூரத்தைக் குறித்து, கணினிக் கணக்கீட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பவில்லையானால், ஏதோ ஓர் இணைப்பு வழுக்குகிறது என்று பொருள். கணக்கிட்டுத் திருத்தக்கூடிய வளைவைவிட இதுவே பெரிய குறை. லேசரின் தாங்கியையும் முதலிலேயே தனியாகச் சோதித்துவிடுங்கள்; அளக்கும் கருவியே பிழையானால் அளவும் பிழையாகும். ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி மிக நுட்பமாகவே மெருகிடப்பட்டது. ஆனால் அதைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்ததால், விளிம்பு சுமார் 2 மைக்ரான் தட்டையாகி, 1993-இல் விண்வெளி வீரர்கள் சென்று திருத்த நேர்ந்தது.

கேள்வி: குழாய்க்கு அலுமினியம் போதுமா?

பதில்: விறைப்புக்குப் போதும், வெப்பநிலைதான் சிக்கல். ஒரு மீட்டர் அலுமினியம் 10 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர் சுருங்கும். குவியத்தூரம் விட்டத்தைப் போல் 5 மடங்குள்ள தொலைநோக்கியில், குவியம் பொறுக்கும் பிழை இருபுறமும் சுமார் 0.03 மில்லிமீட்டரே. எஃகு ஏறக்குறைய பாதியளவும், இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை அதனினும் மிகக் குறைவாகவும் சுருங்கும். அலுமினியத்தையே வைத்துக்கொள்வதானால், இரவில் அவ்வப்போது குவியத்தைத் திருத்தும் சிறு மோட்டார் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.