சந்தாவோடு வரும் பாட்டு: மலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கோத்தகிரி): அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறோம். பொருள் சீக்கிரம் வரும், பாட்டும் பாட்காஸ்ட்டும் இலவசம் என்கிறார் மச்சான். பொருள் விற்கிறவர்கள் பாட்டை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

பதில்: சும்மா கொடுக்கவில்லை. நீங்கள் கட்டும் தொகைக்குள்ளேயே பாட்டுக்கான காசும் இருக்கிறது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு டெலிவரிக்காக வருடம் 1,000 ரூபாய் கொடுக்க மனம் வரும், பாட்டுக்கு 300 தான். அடுத்த வீட்டில் பாட்டுக்கு 900, டெலிவரிக்கு 400. தனித்தனியாக விற்கும்போது அதிகம் தேறுவது, டெலிவரியை 1,000-க்கும் பாட்டை 900-க்கும் வைத்தால்தான். வீட்டுக்கு ஒன்று போகும், மொத்தம் 1,900 ரூபாய். இரண்டையும் ஒரே கட்டாக 1,300-க்கு வைத்தால் இரண்டு வீடுமே வாங்கும். கைக்கு வருவது 2,600. இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்காரரும் தங்கள் மனம் ஒப்பியதைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவில்லை.

இதைவிடப் பெரிய லாபம், ஆள் விலகாமல் இருப்பது. பொருள் வாங்குவது குறைந்துபோன மாதத்திலும், சேர்த்து வைத்த பாட்டுப் பட்டியல் சந்தாவை நிறுத்த விடாது. பாட்காஸ்ட்டைச் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இசைச் சேவைகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாட்டு உரிமையாளர்களுக்குப் போய்விடும். பாட்காஸ்ட் கேட்கப்படும்போது பெரும்பாலும் அப்படிக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஆப்பைத் திறந்ததும் பாட்டுக்குப் பக்கத்திலேயே பாட்காஸ்ட்டை வைக்கிறார்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். பிரைம் ஆண்டுக்கு 1,499 ரூபாய், அதன் மலிவுத் திட்டமான பிரைம் லைட் 799. லைட்டில் பிரைம் மியூசிக் கிடையாது. பலர் இதைக் கவனிக்காமல் லைட்டை வாங்கிவிட்டுப் பாட்டு ஏன் வரவில்லை என்று தேடுகிறார்கள். வித்தியாசம் 700, அதாவது மாதம் 58 ரூபாய். அதில் பாட்டோடு, வீடியோவில் கூடுதல் திரைகளும் கூடுதல் தெளிவும் அடக்கம். வீட்டில் தினமும் பாட்டு ஓடுமானால் 58 ரூபாய் நியாயமான விலைதான். காரில் போகும்போது மட்டும் கேட்பீர்கள் என்றால் லைட் போதும். ஒரு எச்சரிக்கை: கோத்தகிரி டவுனுக்கு வரும் டெலிவரி தேதியும் எஸ்டேட் பக்கம் வரும் தேதியும் ஒன்றாக இருக்காது. பணம் கட்டுமுன் நீங்கள் வழக்கமாக வாங்கும் ஐந்து பொருள்களுக்கு உங்கள் பின்கோடைப் போட்டுத் தேதியைப் பாருங்கள். டெலிவரி வேகமே கிடைக்காத இடத்தில் இந்தக் கட்டு பாதி காலி.

கேள்வி (கூடலூர்): ரீசார்ஜோடு வந்த பாட்டு ஆப்பை மூடிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: தனியாகப் பணம் கட்டியிருந்தீர்களா என்பதே முதல் கேள்வி. ரீசார்ஜோடு வரும் பாட்டு இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம், அல்லது ஒரே நிறுவனத்தின் முடிவு. எப்போது வேண்டுமானாலும் மாறும். 2014-ல் வந்த ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக 2024-ல் அறிவித்தார்கள், அந்த இடத்துக்கு ஆப்பிள் மியூசிக் வந்தது. ரீசார்ஜுக்குள் அடங்கிய சலுகை என்றால் விதிமுறையில் ‘மாற்றும் உரிமை உண்டு’ என்ற வரி அநேகமாக இருக்கும், பணம் திரும்பக் கிடைப்பது கடினம். ஆண்டுக் கட்டணம் தனியாகக் கட்டி, மாதங்கள் மிச்சம் இருந்தால் அந்தப் பங்கைத் தாராளமாகக் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில், பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில். அதிலும் முடியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ரசீது, மூடுவதாக வந்த செய்தி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

இனிமேல் உங்கள் பாட்டுப் பட்டியலை இப்படிச் சேர்ந்து வரும் சந்தாவின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே போதும்.

கேள்வி (குன்னூர் அருகே எஸ்டேட்): வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான். மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாட்டு விட்டு விட்டு வருகிறது. பணம் கட்டியும் பயன் இல்லையே?

பதில்: மலையில் இந்தச் சந்தாவின் உண்மையான மதிப்பே டவுன்லோடில்தான். வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் 4 நிமிடப் பாட்டு 4.8 எம்.பி., 500 பாட்டு 2.4 ஜி.பி. 320 தரம் என்றால் இரட்டிப்பு. ஓடும் காரில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது, 160 போதும். நேரடியாகக் கேட்டாலும் அதே தரத்தில் மணிக்கு 72 எம்.பி. தீரும். தரத்தை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். ‘வைஃபையில் மட்டும் டவுன்லோட்’ என்பதை இயக்கி வையுங்கள்.

எங்கே தவறு நடக்கிறது? இறக்கிய பாட்டு உங்கள் சொத்து அல்ல, பூட்டுப் போட்ட கோப்பு. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆப் நெட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியவை பாடாது. பிரீமியம் சந்தா முடிந்தாலும் அதே கதிதான். கிளம்பும் முந்தின நாள் ஆப்பை ஒருமுறை நெட்டில் திறந்து, பிறகு ஏர்ப்ளேன் மோடில் போட்டு ஒரு பாட்டு ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): ஆப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் மாதம் 149 ரூபாய் கணக்கிலிருந்து போகிறது.

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. முதலில் சந்தாவை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், மேலே உங்கள் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். இரண்டிலும் காணோமென்றால் சேவையின் இணையதளத்தில் நேரடியாகச் சேர்ந்திருப்பீர்கள், அங்கேயே நிறுத்த வேண்டும். அடுத்து யுபிஐ ஆப்பில், தானாகப் பணம் எடுக்க அனுமதி தரும் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். அங்கே 149-ஐவிடப் பெரிய தொகை தெரிந்தால் பதற வேண்டாம், அது உச்சவரம்பு.

ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்திருக்கும், தேடிப் பாருங்கள். நிறுத்தும் பொத்தானையே மறைத்து வைத்திருந்தால் அது ‘சந்தாப் பொறி’. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் தடுத்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. 1915-ல் புகார் சொல்லும்போது இந்தப் பெயரையே சொல்லுங்கள்.

கேள்வி (பண்ணைக்காடு): பாட்காஸ்ட் மட்டும்தான் கேட்பேன். எந்த உறுப்பினர் திட்டம் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். பெரும்பாலான பாட்காஸ்ட்கள் எந்த பாட்காஸ்ட் ஆப்பிலும் எல்லோரும் இலவசமாகக் கேட்கும்படியே வெளியாகின்றன. ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் இலவசம், விளம்பரம் இல்லை, டவுன்லோடும் செய்யலாம். ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும். ஸ்பாட்டிஃபையிலும் பாட்காஸ்ட்டை இறக்கப் பணம் கட்டத் தேவையில்லை. பாட்டும் வேண்டுமென்றால் கொடை எஃப்.எம். 100.5-ல் இருக்கிறது.