டப்பாவில் வேர்க்கடலை உருண்டை: குழந்தைகள் இல்ல ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகள் இல்லங்களுக்கு மனநல ஆலோசகராகப் போய்வருகிறேன். வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்று அனுபவித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பற்றி அங்கே வேலை செய்பவர்கள் கேட்டவை இவை. பிள்ளைகளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

இல்லத் தாய்: மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறாள். ஆனாலும் இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளிக்கிறாள், எறும்பு மொய்க்கிறது. கேட்டால் "நான் எடுக்கவே இல்லை" என்று சாதிக்கிறாள்.

இதற்குத் திருட்டு என்று பெயர் வைக்காதீர்கள் அம்மா. அடுத்த வேளை சோறு உண்டா என்று தெரியாமலே வளர்ந்தவள். இங்கே உண்டு என்று அவளுக்குத் தெரியும், நம்பிக்கைதான் இன்னும் வரவில்லை.

அவள் பெயர் எழுதி, மூடி போட்ட டப்பா ஒன்று கொடுங்கள். வேர்க்கடலை உருண்டை, பொரி, பிஸ்கட் என்று கெட்டுப்போகாததாக வையுங்கள். தீர்ந்தால் அவள் கேட்பதற்கு முன்பே நிரப்புங்கள். என்ன சேட்டை செய்தாலும் தண்டனையாக அந்த டப்பாவைப் பிடுங்கக் கூடாது. ஒருமுறை பிடுங்கினால் மறுபடி உறைக்குள்தான் போகும். முதலில் ஒரே நாளில் காலி செய்வாள், செய்யட்டும். பிறகு டப்பா நிரம்பியபடியே கிடக்க ஆரம்பிக்கும்.

அப்புறம், கண்ணால் பார்த்த பிறகு "எடுத்தாயா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்த பிள்ளை பொய்தான் சொல்லும். "உறையில் எறும்பு வந்திருக்கு, வா, மாத்தலாம்" என்றால் போதும்.

வார்டன்: பதின்மூன்று வயதுப் பையன், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான். அடிக்கக் கூடாது என்கிறீர்கள். நாங்களெல்லாம் அடி வாங்கி வளரவில்லையா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் சார். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 82: இல்லத்தில் பிள்ளையை அடித்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

சட்டம் இருக்கட்டும். உங்களை அடித்த அப்பா அன்று இரவே பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார். இவனுக்கு அடியோடு கதை முடிந்தது, சோறு வரவில்லை. நீங்கள் கையை ஓங்கினால் அவன் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பழைய ஆள்.

வெறி ஏறிய நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். வாசலை மறிக்காமல், இரண்டு கை நீளம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். குறைவாக, மெதுவாகப் பேசுங்கள். அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு பேசிக்கொள்ளலாம். சிந்தியதை அவன்தான் துடைக்க வேண்டும், நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கூட உட்காருங்கள்.

ஒரு நோட்டில் நாள், நேரம், அதற்கு முன் நடந்தது மூன்றையும் குறித்து வாருங்கள். பல இல்லங்களில் இந்த ரகளை, உறவினர் வந்து பார்த்துப் போன அன்றோ, வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன அன்றோதான் நடக்கிறது.

டியூஷன் ஆசிரியை: பாடம் நடக்கும்போதே ஒரு சிறுமி வெறித்துப் பார்த்தபடி உறைந்துபோகிறாள். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. திமிரா?

திமிர் இல்லை. தப்பி ஓட வழியில்லாத பிள்ளைகள் மனதை எங்கேயோ அனுப்பிவிட்டு உடம்பை மட்டும் இங்கே வைத்திருப்பார்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். எதிரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். ஒருவகை வலிப்பு நோயும் அச்சாக இப்படியே தெரியும், அதனால் அரசு மருத்துவமனையில் கட்டாயம் காட்டுங்கள்.

கண்காணிப்பாளர்: பிறந்தநாள் கொண்டாட நன்கொடையாளர்கள் கேக்கோடு வருகிறார்கள். தடுக்கவும் முடியவில்லை.

பணம் வேண்டும், புரிகிறது. ஆனால் யாரோ ஒருவர் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சி, "மறுபடி வருவேன்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், நன்றாகத் தேறினார்கள். மாறாமல் கூட இருக்கும் ஒரு ஆள்தான் பிள்ளைக்கு வேண்டும். இல்லத்தில் அதை அப்படியே தர முடியாது. ஷிப்ட் மாறினாலும் தூங்க வைப்பவர் ஒரே ஆளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

விருந்தாளிகள் சாப்பாடு கொடுக்கட்டும். தூக்குவதும் போட்டோவும் வேண்டாம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி குற்றம்.

இரவுப் பணியாளர்: "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னாள்.

அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால், பிள்ளைகளை அதிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் உங்கள் மேலும் வழக்கு வரும். இல்லத்து ஆள் மேலேயே புகார் என்றால் நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள். "நீ சொன்னது நல்லது. உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லப் போறேன்" என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றிரவே எழுதி, நேரம் போட்டு வையுங்கள்.