யாப்புக் கேள்வி பதில்: தளை எங்கே தட்டுகிறது?

கேள்வி: முல்லைத்திணையில் ஒரு குறள் வெண்பா எழுதினேன்.

கார்காலம் வந்தது கணவன் வரவில்லை
தேர்வந்து நிற்குமோ வாசலில்

எதுகை, மோனை இருக்கின்றன. ஆனாலும் வெண்பா இல்லை என்கிறார்கள். எங்கே பிழை?

பதில்: இரண்டு இடங்களில். முதலாவது தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை. மெய்யை விட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை. ‘வந்தது’ வந்/தது, நேர்நிரை, கூவிளம் (நிரையில் முடியும் ஈரசைச்சீர், விளச்சீர்). வெண்பாவில் விளச்சீரை அடுத்து நேர் வர வேண்டும். ‘கணவன்’ கண/வன், நிரையில் தொடங்குகிறது. விளம்முன் நிரை ஆசிரியத்தளை. வெண்பாவுக்குரிய செப்பலோசை அங்கே முறிகிறது. ‘வந்தும்’ என்று மாற்றுங்கள். வந்/தும், நேர்நேர், தேமா (நேரில் முடியும் ஈரசைச்சீர், மாச்சீர்). மாமுன் நிரை சரி. பொருளிலும் ஏக்கம் கூடுகிறது.

அடுத்தது ஈற்றுச்சீர். அது நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக வேண்டும்: ஓரசை, அல்லது ஓரசையோடு குற்றியலுகரம். ‘வாசலில்’ கூவிளம். ‘வாசல்’ என்று குறைத்தாலும் நேர்நேர்தான், தேறாது. ‘இங்கு’ (காசு) போட்டால் இலக்கணம் தப்பிக்கும், ஆனால் அந்த அடியில் மோனை இல்லை, சப்பென்றிருக்கும். இப்படிப் பாருங்கள்:

கார்காலம் வந்தும் கணவன் வரவில்லை
தேர்காணா தேங்கும் தெரு

இப்போது கார்கா, தேர்கா என இரண்டாம் எழுத்தோடு மூன்றாவதும் ஒன்றுகிறது. தேர், தேங், தெரு மூன்றும் மோனை. ஈற்றில் ‘தெரு’, மலர்.

இரண்டாம் அடியை அலகிடும்போது (அசை பிரிக்கும்போது) கவனம். சொற்கள் ‘காணாது ஏங்கும்’, புணர்ந்தால் ‘காணாதேங்கும்’. சொற்களாகப் பிரித்து எழுதி அப்படியே அலகிட்டால் ‘தேர்காணாது’ நாலசைச்சீராகிவிடும், வெண்பாவில் அதற்கு இடமில்லை. யாப்பு மென்பொருளிலும் இடைவெளி விடுமிடம் மாறினால் இதே கோளாறு வரும். ஓசைப்படி ‘தேர்காணா / தேங்கும்’ என்று வகையுளியாக (சொல்லின் நடுவே சீர் பிரித்து) அலகிடுங்கள்: தேமாங்காய் (நேரில் முடியும் மூவசைச்சீர், காய்ச்சீர்), தேமா. காய்முன் நேர், வெண்சீர் வெண்டளை.

அகத்திணைச் சாயலுக்குக் ‘கணவன்’ என்பதைவிடத் ‘தலைவன்’ பொருத்தம். அதுவும் புளிமாதான், தளை கெடாது. ஆனால் ‘கார்’ உடனான மோனை போய்விடும். நானாக இருந்தால் மோனையை விடமாட்டேன்.

கேள்வி: ‘கட்டு’, ‘பாட்டு’ எதுகை ஆகுமா? இரண்டாம் எழுத்து ஒன்றுதானே?

பதில்: ஆகாது. முதலெழுத்தின் மாத்திரையும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டுக்குப் பட்டு, பாட்டுக்குக் கூட்டு.