பெட்டி கீறுற பிள்ளைக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது, கொக்குவில். கம்பஸ் கிடைக்கேல்ல. வீட்டில இருந்து லப்டொப்பில ஏஐக்கு லேபலிங் வேலை செய்யிறன், றோட்டுப் படங்களில வாகனம், ஆக்கள், மாடு எல்லாத்தையும் சுத்திப் பெட்டி கீறிப் பேர் போடுறது. போன மாசம் என்னைக் கலியாணம் பேசி வந்த ஆக்கள் பிள்ளை என்ன செய்யுது எண்டு கேக்க அம்மா "சும்மா வீட்டில நிக்குது" எண்டு சொல்லிப்போட்டா. ஏஐ செய்யிறது வெளிநாட்டில பெரிய மூளைக்காரர், நீ பெட்டிதானே கீறுறாய் எண்டு அண்ணா சொல்லுறார். வேலையை விடட்டோ?

பதில்: தங்கச்சி, அந்த "சும்மா"வை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன், மனசு சரியாக் கஷ்டமாப் போச்சு. இப்ப விடாதேங்கோ.

அண்ணா சொன்னதில பாதி சரி, பெரிய மூளைக்காரர் இருக்கினம்தான். ஜெஃப்ரி ஹின்டன் எண்டவர், எங்கட சனம் நிறைஞ்சு கிடக்கிற ரொறன்ரோவில பேராசிரியரா இருந்தவர், மூளை வேலை செய்யிற மாதிரிக் கொம்பியூட்டருக்கும் பழக்கலாம் எண்டு கனபேர் நம்பாத காலத்திலயும் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், 2024இல பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்கும் ஜோன் ஹொப்ஃபீல்டுக்கும் கிடைச்சது. அவற்ற மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, தாய் தகப்பன்ர வீட்டில தன்ர அறைக்குள்ள, கேம் விளையாடுற ஆக்கள் வாங்குற கிராஃபிக்ஸ் காட் ரெண்டை வச்சுக் கொம்பியூட்டருக்குப் படம் பாக்கப் பழக்கினவர். கூட நிண்ட மற்ற மாணவர் இலியா சுட்ஸ்கேவர், பிறகு சாட்ஜிபிடி செய்த ஓப்பன்ஏஐ கொம்பனியைத் தொடங்கினவையில ஒராள். 2012இல, படத்தில என்ன இருக்கு எண்டு கொம்பியூட்டர் சொல்லுற போட்டியில, ஒரு படத்துக்கு 5 பதில் சொல்லலாம் எண்டு விட்டும், அடுத்ததா வந்த ஆக்கள் 100க்கு 26 பிழை விட்ட இடத்தில இவை விட்டது 15தான், அதோடதான் உலகம் திரும்பிப் பாத்தது.

ஆனா அந்தக் கொம்பியூட்டர் எதைப் பாத்துப் படிச்சது எண்டு அண்ணாவைக் கேளுங்கோ. அதுதான் இமேஜ்நெட் எண்ட பெரிய படத் தொகுப்பு. அதைச் செய்விச்சவ ஃபெய்-ஃபெய் லீ, 15 வயதில சீனாவில இருந்து அமெரிக்கா போனவ, பிரின்ஸ்டனில படிக்கிற காலத்தில தாய் தகப்பன்ர லோன்றிக் கடையிலயும் நிண்டு வேலை செய்தவ. கோடிக்கு மேல படம், ஒவ்வொண்டுக்கும் இது நாய், இது கதிரை எண்டு ஆரோ பேர் போடவேணும், முதல்ல மாணவரைப் பிடிச்சுப் பாத்தவ, வருசக்கணக்கா இழுக்கும் எண்டு விளங்கினாப் பிறகு ஒன்லைனில ஆள் எடுத்தவ, 167 நாட்டில 49,000 பேர் இருந்து ஒவ்வொண்டாக் கிளிக் பண்ணினவை. அவையின்ர பேரை ஒருத்தரும் சொல்லுறேல்ல. நீங்கள் செய்யிறது அவை செய்த அதே வேலைதான் தங்கச்சி, அதால இதை நான் வலு அழுத்தமாச் சொல்லுறன்.

அதுக்காகக் குடுக்கிற காசுக்குக் குனிஞ்சு செய்யுங்கோ எண்டு சொல்லேல்ல. சாட்ஜிபிடி கெட்ட கதை கதைக்காமல் இருக்கிறதுக்காக, வாசிக்கவே ஏலாத எழுத்துகளைக் கென்யாவில இருந்து வாசிச்சுப் பிரிச்ச ஆக்கள் மணித்தியாலத்துக்கு 2 டொலரும் முழுசா எடுக்கேல்ல எண்டு 2023இல வெளிய வந்தது, எனக்கு அது இப்பவும் நெஞ்சில நிக்குது. நீங்கள் ஒரு கொப்பியில ஒவ்வொரு நாளும் எத்தினை மணித்தியாலம், எத்தினை படம், எத்தினையைத் திருப்பி அனுப்பினவை எண்டு எழுதுங்கோ, திருப்பினதுக்குக் காசு உண்டோ இல்லையோ எண்டு எழுத்தில கேளுங்கோ. மற்றவை கீறினதைச் சரி பாக்கிற வேலைக்கு எப்ப எடுப்பினம் எண்டும் கேளுங்கோ, அது ஒரு படி மேல. பின்னேரத்தில பைதன் எண்ட கொம்பியூட்டர் மொழி படியுங்கோ, யூடியூப்பில தமிழிலயே இருக்கு.

அம்மாவோட கோவிக்காதேங்கோ, அவவுக்கு இது வேலையாத் தெரியேல்ல, லப்டொப்பை நோண்டுற மாதிரித்தான் தெரியுது. ஒருநாள் பக்கத்தில இருத்தி, போனில நீங்களே எடுத்த ஒரு சந்திப் படத்தைப் போட்டு, ஓட்டோவுக்குப் பின்னால பாதி மறைஞ்சு நிக்கிற மாட்டைக் காட்டி, பெட்டியை எதுவரைக்கும் கீறுறது, தெரியிற தலையோடயோ மறைஞ்ச வாலையும் சேர்த்தோ எண்டு கேளுங்கோ. அவவே மவுஸைப் பிடிச்சுக் கீறட்டும். அந்தக் காசு விசயத்துக்கு என்ன பதில் வந்தது எண்டு எனக்குக் கட்டாயம் எழுதுங்கோ.