ஜெயிக்காத கட்சி யாரைத் தோற்கடிக்கும்?

ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்பை முன்வைத்துப் பிரிட்டனில் கிளம்பிய சிறு கட்சிகள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. 1997-இல் போட்டியிட்ட ரெஃபரண்டம் கட்சி, யூகிப் (யூகே இன்டிபென்டன்ஸ் கட்சி), பிரெக்ஸிட் கட்சி, அதுவே பெயர் மாறிய இன்றைய ரிஃபார்ம் யூகே எல்லாம் இதில் வருகின்றன. கன்சர்வேட்டிவ், லேபர் என்று கீழே வருபவை பிரிட்டனை மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சிகள்.

கேள்வி: 2024 பொதுத்தேர்தலில் ரிஃபார்ம் யூகே 14.3 சதவீத ஓட்டு வாங்கி 5 தொகுதிகளில்தான் ஜெயித்தது. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கோ 12.2 சதவீதத்துக்கு 72 தொகுதி. இது என்ன கணக்கு? (கோவை வாசகர்)

பதில்: நம் ஊர்க் கணக்கேதான். மொத்தம் 650 தொகுதி. ஒவ்வொன்றிலும் யாருக்கு அதிக ஓட்டோ அவர் எம்.பி. இரண்டாவதாக வந்தவருக்குப் பத்து ஓட்டு விழுந்தாலும் பத்தாயிரம் விழுந்தாலும் பலன் பூஜ்யம்தான். லிபரல் டெமாக்ரட்டுகள் பல வருடமாகக் கவுன்சில் வார்டுகளில் வேலை பார்த்து, இங்கிலாந்தின் தெற்கிலும் தென்மேற்கிலும் ஓட்டைக் குவித்து வைத்திருந்தார்கள். ரிஃபார்முக்கு விழுந்த 41 லட்சம் ஓட்டு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. 98 தொகுதிகளில் இரண்டாமிடம்.

2015-இல் இது இன்னும் மோசம். யூகிப்புக்கு 38.8 லட்சம் ஓட்டு, கிடைத்தது ஒரே தொகுதி, கிளாக்டன். ஸ்காட்லாந்தில் மட்டும் நின்ற ஸ்காட்டிஷ் நேஷனல் கட்சிக்கு 14.5 லட்சம் ஓட்டு, 56 தொகுதி.

கேள்வி: 2010-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் போனதற்கு யூகிப்தான் காரணம் என்கிறார்கள். 21 தொகுதிகளில் அவர்கள் தோற்ற வித்தியாசத்தைவிட யூகிப் வாங்கிய ஓட்டு அதிகமாம். நம்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: எண்ணிக்கை சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. கன்சர்வேட்டிவ்கள் பிடித்தது 306. பெரும்பான்மைக்கு 326 வேண்டும். 20 குறைகிறது, கையில் 21 தொகுதிப் பட்டியல் இருக்கிறது என்றதும் கதை முடிந்த மாதிரி தெரியும். ஆனால் இந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: யூகிப் களத்தில் இல்லையென்றால் அந்த ஓட்டு மொத்தமும் அப்படியே கன்சர்வேட்டிவுக்கு வந்திருக்கும் என்பது. நிஜத்தில் அது மூன்றாகப் பிரியும். ஒரு பங்கு கன்சர்வேட்டிவுக்கு, ஒரு பங்கு எதிராளிக்கு, மீதி வீட்டிலேயே இருந்துவிடும்.

எந்தத் தொகுதியையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தோற்ற வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிறு கட்சியின் ஓட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வருகிற எண்தான் தேவைப்படும் நிகர லாபம். அதாவது சிறு கட்சியின் ஒவ்வொரு நூறு ஓட்டிலும் இந்தப் பக்கம் வருவதில் இருந்து அந்தப் பக்கம் போவதைக் கழித்தால் அவ்வளவாவது மிஞ்ச வேண்டும்.

2010-இல் மிட் டோர்செட் அண்ட் நார்த் பூல் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் 269 ஓட்டில் ஜெயித்தது. யூகிப்புக்கு 2,109. வகுத்தால் நூற்றுக்கு 13கூட வராது. யூகிப் ஆதரவாளர்களில் கன்சர்வேட்டிவ் பக்கம் கொஞ்சம் கூடுதல் சாய்வு இருந்தாலே போதும், முடிவு மாறியிருக்கும். இங்கே குற்றச்சாட்டு நிற்கும். அதே தேர்தலில் மோர்லி அண்ட் அவுட்வுட் தொகுதியில் லேபரின் எட் பால்ஸ் 1,101 ஓட்டில் தப்பினார். யூகிப்புக்கு 1,506. இதற்குத் தேவை நூற்றுக்கு 73. ஒரு நூறு பேரில் 80 பேர் கன்சர்வேட்டிவுக்குப் போட்டு, 7 பேர் மட்டும் லேபருக்குப் போட்டு, 13 பேர் வீட்டில் இருந்தால்தான் அது நடக்கும். நம்புவது கஷ்டம். இரண்டு தொகுதியும் அந்த 21-க்குள்தான் வருகின்றன.

1997-க்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ரெஃபரண்டம் கட்சித் தலைவர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் லண்டன் பட்னியில் நின்றார். கன்சர்வேட்டிவ் டேவிட் மெல்லர் தோற்றதும், கோல்ட்ஸ்மித்தான் கவிழ்த்தார் என்று பேச்சு. மெல்லர் தோற்றது 2,976 ஓட்டில். கோல்ட்ஸ்மித் வாங்கியதே 1,518. வகுக்கவே வேண்டாம். ஆனால் எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் ஹாரிச் தொகுதி வேறு மாதிரி. வித்தியாசம் 1,216, ரெஃபரண்டம் கட்சிக்கு 4,923. தேவை நூற்றுக்கு 25. அறுபது பேர் கன்சர்வேட்டிவ், பதினைந்து பேர் லேபர், மீதிப் பேர் வீடு என்று வைத்தால்கூட நிகரம் 45 வருகிறது. அந்தத் தொகுதியைப் பறிகொடுத்ததற்கு இந்தக் கட்சியைக் கைகாட்டலாம்.

கேள்வி: அப்படியானால் இது எப்போதும் கன்சர்வேட்டிவுக்கு மட்டும்தானே தலைவலி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இல்லை. அதே மோர்லி அண்ட் அவுட்வுட்டுக்கு 2015-இல் போய்ப் பாருங்கள். யூகிப் ஓட்டு 1,506-இல் இருந்து 7,951 ஆனது. இந்த முறை எட் பால்ஸே தோற்றார், வெறும் 422 ஓட்டில். யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்துப் பழைய ஆலை ஊர்களில் லேபருக்குப் பரம்பரையாகப் போட்டு வந்தவர்கள் கன்சர்வேட்டிவுக்குக் கை நீட்டத் தயங்குவார்கள், யூகிப்புக்குத் தயங்கவில்லை. 2014 அக்டோபரில் ஹேவுட் அண்ட் மிடில்டன் இடைத்தேர்தலிலேயே இதற்கான எச்சரிக்கை இருந்தது. யூகிப் 617 ஓட்டில் லேபரிடம் தோற்றது.

யூகிப் கரைந்தால் அந்த ஓட்டெல்லாம் தாய்வீடு திரும்பும் என்று கன்சர்வேட்டிவ் தலைமை 2017-இல் எதிர்பார்த்தது. யூகிப் சுமார் 5.9 லட்சத்துக்குச் சரிந்தது. கன்சர்வேட்டிவ் ஓட்டு 42.4 சதவீதமாக ஏறியது. ஆனால் தொகுதிகளோ 330-இல் இருந்து 317-ஆகக் குறைந்தன.

கேள்வி: எம்.பி.யே இல்லாத கட்சி எப்படி பிரதமரைப் பொதுவாக்கெடுப்பு வரை தள்ளியது? (கொழும்பு வாசகர்)

பதில்: நிஜமான செல்வாக்கு இங்கேதான். தொகுதிக் கணக்கைவிட இதையே பெரிதாக எண்ண வேண்டும்.

முதல் காரணம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். 1999 முதல் பிரிட்டனில் அது ஓட்டு விகிதப்படி இடம் தரும் முறைக்கு மாறியது. யூகிப்புக்கு அப்போது 3 இடம், 2004-இல் 12, 2009-இல் 13, 2014-இல் 24. அந்தக் கடைசித் தேர்தலில் முதலிடமே அதற்குத்தான். எந்த நாடாளுமன்றம் வேண்டாம் என்றார்களோ, அதன் சம்பளமும் அலுவலகமும் உதவியாளர்களும்தான் கட்சியை உயிரோடு வைத்திருந்தன. வாக்காளருக்கும் அது வசதி. ஆட்சி மாறாது, கோபத்தை மட்டும் காட்டிவிட்டு வரலாம்.

இரண்டாவது காரணம் பயம். ஐயாயிரம் ஓட்டு வித்தியாசத்துக்குள் ஜெயித்த எம்.பி.க்குத் தன் தொகுதியில் யூகிப் நாலாயிரம் வாங்கும் என்று தோன்றினால் தூக்கம் வராது. அவர் போய்ப் பிரதமரைத் தொந்தரவு செய்வார். 1996-லேயே அன்றைய கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜர் யூரோ நாணயத்தில் சேருவதானால் பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று வாக்குக் கொடுத்ததற்குப் பின்னால் கோல்ட்ஸ்மித்தின் நெருக்குதல் இருந்தது. அதே வருடம் லேபரும் அதே வாக்கைக் கொடுத்தது. ஒரு தொகுதிகூட ஜெயிக்காமல் இரண்டு பெரிய கட்சியையும் நகர்த்தியாயிற்று. 2013 ஜனவரியில் பிரதமர் டேவிட் கேமரன் ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்றே வாக்கெடுப்பு நடத்துவதாக அறிவித்தார். அப்படியும் 2014-இல் அவரது எம்.பி.க்கள் டக்ளஸ் கார்ஸ்வெல், மார்க் ரெக்லெஸ் இருவரும் யூகிப்புக்குத் தாவி, பதவி விலகி, இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்கள். கார்ஸ்வெல் ஜெயித்தது கிளாக்டனில். மேலே சொன்ன பழைய ஹாரிச் தொகுதிக்குள் இருந்த ஊர் அது. யூகிப், பிரெக்ஸிட் கட்சி, ரிஃபார்ம் மூன்றுக்கும் தலைமை தாங்கிய நைஜல் ஃபராஜ் 2024-இல் ஜெயித்த தொகுதியும் அதுவே.

கேள்வி: 2019-இல் பிரெக்ஸிட் கட்சி 317 தொகுதிகளில் நிற்காமல் ஒதுங்கியது போரிஸ் ஜான்சனுக்குச் செய்த உபகாரமா? (சென்னை வாசகர்)

பதில்: பாதி உபகாரம். அந்த வருடம் மே மாத ஐரோப்பியத் தேர்தலில் பிரெக்ஸிட் கட்சிக்கு 29 இடம், ஆளும் கன்சர்வேட்டிவுக்கு 4. அதே பலத்தோடு டிசம்பர் பொதுத்தேர்தலில் எல்லாத் தொகுதியிலும் நின்றிருந்தால் ஜான்சனுக்குச் சேதம் நிச்சயம். நவம்பர் 11 அன்று ஹார்ட்டில்பூலில் வைத்து ஃபராஜ் அறிவித்தார்: 2017-இல் கன்சர்வேட்டிவ் ஜெயித்த 317-இல் நிற்கமாட்டோம், லேபர் தொகுதிகளில் நிற்போம்.

அவர் அறிவித்த ஊரிலேயே விளைவைப் பார்க்கலாம். ஹார்ட்டில்பூலில் லேபர் 15,464, கன்சர்வேட்டிவ் 11,869, பிரெக்ஸிட் கட்சியின் ரிச்சர்ட் டைஸ் 10,603. வித்தியாசம் 3,595; நம் சூத்திரப்படி நூற்றுக்கு 34 நிகரம் போதும். லேபர் தப்பித்தது டைஸால் என்று சொல்ல இடமுண்டு. 2021 மே இடைத்தேர்தலில் ரிஃபார்ம் யூகே என்று பெயர் மாற்றிய அதே கட்சிக்கு வெறும் 368 ஓட்டு. கன்சர்வேட்டிவ் 6,940 வித்தியாசத்தில் ஜெயித்தது. சரி, பத்தாயிரமும் அங்கே போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். கன்சர்வேட்டிவ் ஓட்டு ஏறியது 3,660 மட்டும். லேபர் 8,589-க்கு விழுந்தது. இடைத்தேர்தலில் ஓட்டுப்பதிவே குறைவு என்பதால், யார் எங்கே போனார், யார் வரவே இல்லை என்று மொத்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரே ஆளைத் தேர்தலுக்குத் தேர்தல் தொடர்ந்து கேட்கும் கருத்துக்கணிப்புதான் அதற்கு வழி.

கேள்வி: டெபாசிட் எவ்வளவு? (சேலம் வாசகர்)

பதில்: 500 பவுண்டு, கூடவே அந்தத் தொகுதி வாக்காளர் 10 பேர் கையெழுத்து. இந்தியாவில் ஆறில் ஒரு பங்கு ஓட்டு இல்லையென்றால் டெபாசிட் காலி. அங்கே 5 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பி வரும். 1997-இல் ரெஃபரண்டம் கட்சி 547 பேரை நிறுத்தி 505 இடத்தில் இழந்தது. 2,52,500 பவுண்டு. கோல்ட்ஸ்மித் பெரும் பணக்காரர், அவருக்கு இது உறைக்கவே இல்லை. உறைக்கும் கட்சிகள் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. அதனால் ஒரு கட்சியின் தேசிய சதவீதத்தைப் பார்க்கும்போது எத்தனை தொகுதியில் நின்றது என்பதையும் சேர்த்தே பாருங்கள். 2019-இல் பிரெக்ஸிட் கட்சியின் 2 சதவீதம் 275 தொகுதிகளில் மட்டும் நின்று வாங்கியது.

கேள்வி: சிறு கட்சி எந்தக் கட்டத்தில் பெரிய கட்சி ஆகிறது? (திருச்சி வாசகர்)

பதில்: சதவீதத்தில் கோடு கிழிக்க முடியாது. எதிரே ஓட்டு எத்தனையாக உடைகிறது என்பதுதான் தீர்மானிக்கும். இரண்டே கட்சி மோதினால் ஜெயிக்க 50-க்கு மேல் வேண்டும். மூன்று நான்கு கட்சி சமமாக மோதினால் 30-க்குக் கீழேகூடப் போதும். 2024-இல் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் 630 ஓட்டில் தோற்றார். லேபர் 11,847, டிரஸ் 11,217, ரிஃபார்ம் 9,958. நூற்றுக்கு 27 பேர்கூடப் போடாத லேபர் வேட்பாளர் எம்.பி. ஆனார். ரிஃபார்ம் இன்னும் 1,890 ஓட்டு வாங்கியிருந்தால் அதுவே ஜெயித்திருக்கும்.

2025 மே 1 அன்று ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் லேபரை 6 ஓட்டில் வீழ்த்தியது. 12,645-க்கு 12,639. பசுமைக் கட்சிக்கு 2,314 ஓட்டு. இங்கே ஓட்டைப் பிரித்ததாகத் திட்டு வாங்க வேண்டியது பசுமைக் கட்சிதான். ரிஃபார்ம் லாபம் பார்த்த பக்கம்.

கேள்வி: மாணவர் விசாவில் லண்டனில் இருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு ஓட்டு உண்டா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: உண்டு. இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டவர் முறையான விசாவோடு அங்கே வசித்தால், 18 வயது நிரம்பியிருந்தால், பொதுத்தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். பிரான்ஸ், ஜெர்மனி குடிமக்களுக்கு அந்த உரிமை கிடையாது. பெயர் தானாகச் சேராது. அரசு இணையதளத்தில் நீங்களே பதிய வேண்டும். கடைசி நாள், வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு. வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும், பல்கலைக்கழக அடையாள அட்டை செல்லாது. பாஸ்போர்ட் விசா வேலைக்காக வெளியே போயிருந்தால் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு, வாக்குப்பதிவுக்கு 6 வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பியுங்கள்.